யூ-பூட் டிரைவர் மாடல்: போர்டு எழாதபோது அறிகுறி வைத்துப் பிழையைப் பிடிப்பது

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி வழியிலும் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, சுத்திகரிக்காமல் தொழில் நடத்துவது இந்தப் பகுதியில் முடியாத காரியம் ஆனது. வெளியேறும் நீரின் அளவையும் பிஎச் மதிப்பையும் படித்து அனுப்ப ஒரு சின்னப் பெட்டி போதும். உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் சிப் வைத்த போர்டு, ஒரு எஸ்டி கார்டு, ஒரு கடிகாரச் சிப், ஒரு ஈதர்நெட் துளை. மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமலே அது எழ வேண்டும். எழாத நேரத்தில் அளவீடு இல்லை. பாலாற்றுப் படுகையில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு அந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை.

இப்படிப்பட்ட போர்டை நாமே வடிவமைத்து, மின்சாரம் வந்ததும் கர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் என்ற தொடக்க நிரலை அதற்குப் பொருத்தும்போது, பாதி நேரம் டிரைவர் மாடல் விருப்பங்களில்தான், அதாவது சாதனங்களையும் அவற்றை இயக்கும் டிரைவர்களையும் இணைக்கும் சட்டகத்தின் கம்பைல் அமைப்புகளில்தான், போகிறது. அதற்காகத்தான் இந்த வழிமுறை. உதாரணங்கள் ஏஎம்335எக்ஸ் சார்ந்தவை என்றாலும் முறை எந்தச் சிப்புக்கும் பொருந்தும். விருப்பப் பெயர்களை முன்னால் வரும் கான்ஃபிக் இல்லாமல், காதில் கேட்கிறபடி எழுதுகிறேன். கோப்பில் அவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும்.

முதலில் இரண்டு கேள்விகள்

அறிகுறிக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். போர்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது? அந்தக் கட்டத்தில் சாதனம் பைண்டு ஆகவில்லையா, ப்ரோப் ஆகவில்லையா? இதைக் கேட்காமல், விருப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் கண்ணில் பட்டதை எல்லாம் தட்டுவதால்தான் நாள் கணக்கில் நேரம் வீணாகிறது.

கட்டங்கள் மூன்று. சிப்புக்குள் நிலையாக எழுதப்பட்ட ரோம் நிரல் முதலில் எஸ்பிஎல் என்ற சிறு நிரலை உள்நினைவகத்தில் ஏற்றும். ஏஎம்335எக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் எம்எல்ஓ. எஸ்பிஎல், டிடிஆர் நினைவகத்தை எழுப்பி முழு யூ-பூட்டை அங்கே ஏற்றும். முழு யூ-பூட் இரண்டு பாதியாக ஓடும்: தன்னை நினைவகத்தின் மேல்பகுதிக்கு நகர்த்திக்கொள்வதற்கு முன், நகர்ந்த பின். அந்த நகர்வுதான் ரீலொகேஷன். மூன்று கட்டத்திலும் டிரைவர் மாடல் புதிதாகத் தொடங்குகிறது. முன் கட்டத்தில் கட்டிய சாதன மரம் பின் கட்டத்துக்கு வராது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றும் தனித்தனியாக வேண்டும்: டிரைவர் கம்பைல் ஆகியிருக்க வேண்டும், அந்தக் கட்டத்தின் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள சாதனங்களை விவரிக்கும் கோப்பு) அந்தச் சாதனத்துக்கான நோடு, அதாவது பதிவு, இருக்க வேண்டும், கட்டி எழுப்ப நினைவகம் போதியதாக இருக்க வேண்டும்.

பைண்டு என்றால் நோடுக்கும் டிரைவருக்கும் பொருத்தம் பார்த்து சாதனத்தைப் பதிவு செய்வது. ப்ரோப் என்றால் அதை நிஜமாகத் தொட்டு எழுப்புவது. ரேஷன் கார்டில் பெயர் இருப்பது வேறு, கடைக்குப் போய் அரிசி வாங்கி வருவது வேறு. அந்த வித்தியாசம்தான் இது. யூ-பூட் சோம்பேறித்தனமாகத்தான் ப்ரோப் செய்யும், யாராவது சாதனத்தைக் கேட்டால் மட்டும். அதனால் 'டிஎம் ட்ரீ' கட்டளையில் ஒரு சாதனத்துக்கு எதிரே கூட்டல் குறி இல்லை என்றால் அதுவே பிழை ஆகிவிடாது. பெயரே இல்லை என்றால் பைண்டு பிரச்சினை. பெயர் இருந்து, பயன்படுத்திப் பார்த்த பிறகும் கூட்டல் குறி வரவில்லை என்றால் ப்ரோப் பிரச்சினை. 'டிஎம் ட்ரீ' வேண்டுமானால் சிஎம்டி_டிஎம் விருப்பத்தை இயக்கி வையுங்கள். வளர்ச்சிப் பணி முடியும்வரை அதை அணைக்கவே வேண்டாம்.

பிழை எண்ணும் வழிகாட்டும். -19 என்றால் சாதனம் இல்லை. -2 என்றால் தேடிய பண்போ உருப்படியோ இல்லை. -12 நினைவகம் போதவில்லை. -22 கொடுத்த மதிப்பு சரியில்லை. -110 காத்திருந்து நேரம் முடிந்தது, அதாவது மென்பொருள் கதவைத் தட்டியிருக்கிறது, வன்பொருள் பதில் சொல்லவில்லை. -96 கொஞ்சம் விசித்திரமானது; அதைக் கீழே பார்ப்போம்.

இயக்கிய விருப்பம் கோப்பில் காணோம்

இதை முதல் அறிகுறியாக வைக்கக் காரணம், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சரிபார்க்க வேண்டும். போர்டின் அடிப்படை விருப்பங்களை வைக்கும் டெஃப்கான்ஃபிக் கோப்பில் டிஎம்_ஆர்டிசி என்று எழுதி 'ஒய்' போட்டிருப்பீர்கள். கம்பைலும் அமைதியாக முடியும். ஆனால் கம்பைலுக்கு நிஜமாகப் பயன்பட்ட டாட் கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் அந்த வரியே இருக்காது. விருப்பங்களை நிர்வகிக்கும் கேகான்ஃபிக்கின் இயல்பு இது: ஒரு விருப்பம் சார்ந்திருக்கும் மற்றொன்று அணைந்திருந்தால், நீங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டு விசையை அழுத்தி விருப்பத்தின் பெயரைத் தேடுங்கள். எதைச் சார்ந்திருக்கிறது, அந்தச் சார்புகளில் எது இப்போது 'என்' நிலையில் இருக்கிறது என்று அதே திரையில் காட்டும். அதை முதலில் இயக்கிவிட்டு வாருங்கள். முடிந்ததும் 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' ஓட்டி, கிடைக்கும் கோப்பைப் பழைய டெஃப்கான்ஃபிக்கோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. கம்பைல் ஆன பிறகு யூ-பூட்.சிஎஃப்ஜி என்று ஒரு கோப்பு இருக்கும், எஸ்பிஎல் அடைவுக்குள்ளும் அதே பெயரில் ஒன்று இருக்கும். எஸ்பிஎல் நிஜமாக எந்த விருப்பங்களோடு கட்டப்பட்டது என்பதற்கு அந்த இரண்டாவது கோப்பையே நம்புங்கள். முழு யூ-பூட்டில் ஒரு டிரைவரை இயக்கினால் எஸ்பிஎல்லுக்கும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. பெரும்பாலான வசதிகளுக்கு எஸ்பிஎல்_ என்று தொடங்கும் தனி விருப்பம் உண்டு: டிஎம் ஒன்று, எஸ்பிஎல்_டிஎம் வேறு, ஓஎஃப்_கண்ட்ரோல் ஒன்று, எஸ்பிஎல்_ஓஎஃப்_கண்ட்ரோல் வேறு, பிஎல்கே ஒன்று, எஸ்பிஎல்_பிஎல்கே வேறு.

கன்சோலில் ஒரு எழுத்துகூட வரவில்லை

இதுதான் எல்லாரையும் கலங்க வைக்கும் அறிகுறி. காட்பாடியில் பொறியியல் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைச் சந்திப்பார்கள்.

"அண்ணா, போர்டு செத்துப் போச்சு. ஒண்ணுமே வரல."

"செத்துப்போகல தம்பி, பேச வழியில்லாம நிக்குது. டீபக் யுஆர்ட் போட்டியா?"

அதற்கும் முன்னால் கேபிள். ரிச்சி தெருவில் வாங்கி வரும் யுஎஸ்பி-டிடிஎல் கேபிள்களில் 5 வோல்ட் வகையும் 3.3 வோல்ட் வகையும் கலந்து கிடக்கும். ஏஎம்335எக்ஸின் கால்கள் 3.3 வோல்ட் தாங்குபவை. 5 வோல்ட் கேபிளை மாட்டினால் சிப்புக்கே சேதம். மாட்டும் முன் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.

கேபிள் சரி, வேகம் 115200 சரி என்றால், திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து வரிசையாக வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வந்தால், சிப்பின் ரோம் எந்த ஊடகத்திலும் எம்எல்ஓவைக் காணாமல் சீரியல் வழியாக அனுப்பச் சொல்லிக் கேட்கிறது என்று பொருள். அது டிரைவர் மாடல் பிழையே இல்லை. எஸ்டி கார்டின் முதல் பகுதி ஃபேட் வடிவில், பூட் குறியோடு இருக்கிறதா, எம்எல்ஓ அதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

'சி'யும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை என்றால் டீபக்_யுஆர்ட். இது டிரைவர் மாடலையும் டிவைஸ் ட்ரீயையும் தாண்டி, நேரே யுஆர்ட் என்ற சீரியல் துறையின் பதிவேட்டில் எழுதும் வழி. மற்ற எல்லாம் இடிந்து கிடந்தாலும் இது பேசும். ஏஎம்335எக்ஸுக்கு டீபக்_யுஆர்ட்_ஓமாப் வகையைத் தேர்ந்தெடுங்கள். யுஆர்ட் 0-ன் அடிப்படை முகவரி ஹெக்ஸில் 44இ09000. இதில் வரும் 'இ' ஹெக்ஸ் இலக்கம். கடிகாரம் 48000000, ஷிஃப்ட் 2. டீபக்_யுஆர்ட்_அனவுன்ஸ் விருப்பத்தையும் இயக்கினால் யுஆர்ட் எழுந்தவுடன் தன் பெயரை ஒருமுறை அச்சிடும். அந்த ஒரு சொல் திரையில் வந்தாலே கேபிள், கால் அமைப்பு, கடிகாரம் மூன்றும் நலம் என்று தெரிந்துவிடும். எஸ்பிஎல் நிலையிலும் பேச வேண்டும் என்றால் அதற்கான எஸ்பிஎல் வகை விருப்பம் உங்கள் பதிப்பில் தனியாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வேறு சிப்பில் வேலை செய்பவர்கள், டீபக் யுஆர்ட் தொடங்கும் முன் கால் அமைப்பு நடந்துவிட்டதா என்று கவனிக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் டீபக்_யுஆர்ட்_போர்டு_இனிட் இயக்கி, போர்டு நிரலில் அதற்கான சிறு செயல்கூறை எழுதிக்கொள்ளலாம்.

டீபக் யுஆர்ட் பேசுகிறது, அதன் பிறகு வழக்கமான யூ-பூட் வரிகள் வரவில்லை. இப்போதுதான் நாம் டிரைவர் மாடலுக்குள் வருகிறோம். எஸ்பிஎல்_ஓஎஃப்_கண்ட்ரோல் புதிதாக இயக்கினீர்களா? ஏஎம்335எக்ஸில் அது அணைந்திருக்கும்போது சீரியல் போன்ற அடிப்படைச் சாதனங்களின் விவரம் சி நிரலிலேயே இருக்கும். இயக்கியதும் அந்தப் பகுதி கம்பைலில் இருந்து விலகி, எல்லாமே டிவைஸ் ட்ரீயில் இருந்துதான் வர வேண்டும் என்று ஆகிவிடும். ட்ரீயில் எஸ்பிஎல்லுக்கு என்று குறியிட்ட சீரியல் நோடு இல்லை என்றால் வாய் அடைத்துவிடும். அதாவது நீங்கள் ஒன்றை இயக்கியதால் இன்னொன்று காணாமல் போனது.

குறியிடுவது எப்படி என்றால், கர்னலில் இருந்து வந்த டிடிஎஸ் கோப்பை, அதாவது டிவைஸ் ட்ரீயின் மூல உரையை, தொடாதீர்கள். அதே பெயரோடு கடைசியில் '-யூ-பூட்' சேர்த்த டிடிஎஸ்ஐ கோப்பு ஒன்றை உருவாக்குங்கள், யூ-பூட் அதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். அதில் யுஆர்ட் நோடுக்குள் 'பூட்பிஹெச்-ஆல்' என்ற பண்பை எழுதுங்கள். அந்த நோடு இருக்கும் பஸ் நோடுகளுக்கும், அதன் கால் அமைப்பு நோடுக்கும், கடிகார நோடுக்கும் அதையே எழுதுங்கள். தாய் நோடுக்குக் குறி இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் குறி போட்டு, பிள்ளை ஏன் பைண்டு ஆகவில்லை என்று தேடுபவர்கள் அதிகம். புதிய பதிப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாலும் எழுதிவைப்பதில் நஷ்டம் இல்லை. 2023-க்கு முந்தைய பதிப்புகளில் இதே குறியின் பெயர் 'யூ-பூட், டிஎம்-ப்ரீ-ரீலாக்'. எஸ்பிஎல்லுக்கு மட்டுமான பழைய 'டிஎம்-எஸ்பிஎல்' குறி இப்போது 'பூட்பிஹெச்-ப்ரீ-ராம்'. பழைய போர்டின் கோப்பைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரும்போது இந்தப் பெயர்களை மாற்ற மறக்காதீர்கள்.

நோடு நிஜமாக எஸ்பிஎல்லின் ட்ரீயில் வந்துவிட்டதா என்று ஊகிக்க வேண்டாம். கம்பைல் முடிந்ததும் எஸ்பிஎல் அடைவில் இருக்கும் டிடிபி கோப்பை, அதாவது ட்ரீயின் கம்பைல் ஆன வடிவத்தை, டிடிசி கருவியால் மீண்டும் உரையாக்கிப் படியுங்கள். அதில் இல்லாதது எஸ்பிஎல்லுக்கு உலகத்திலேயே இல்லை.

'நோ சீரியல் டிரைவர் ஃபவுண்ட்' என்று சொல்லி நிற்கிறது. அல்லது 'மிஸ்ஸிங் டிடிபி'

முதலாவது, டிஎம்_சீரியல் இயங்குகிறது, ஆனால் எந்த நோடும் டிரைவரோடு பொருந்தவில்லை என்பதைச் சொல்கிறது. சோசன் நோடில் 'எஸ்டிடிஅவுட்-பாத்' சரியான யுஆர்ட்டைச் சுட்டுகிறதா, அந்த யுஆர்ட் 'டிசேபிள்டு' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். டிசேபிள்டு நோடை யூ-பூட் பைண்டு செய்யாமலே தாண்டிப் போகும்.

இரண்டாவது, ட்ரீயே ஒட்டப்படாத கோப்பைக் கார்டில் எழுதியிருக்கிறீர்கள். பெயரில் 'நோடிடிபி' இருக்கும் கோப்புகளைக் கார்டில் எழுதக் கூடாது. ஏஎம்335எக்ஸுக்கு எம்எல்ஓவும் யூ-பூட்.ஐஎம்ஜியும்தான் வேண்டும். இரண்டையும் ஒரே கம்பைலில் இருந்து எடுங்கள்.

-12 அல்லது -96 காட்டித் தொடக்கத்திலேயே நிற்கிறது

-12 என்றால், அல்லது 'ஆலாக் ஸ்பேஸ் எக்ஸாஸ்டட்' என்ற வரி வந்தால், ரீலொகேஷனுக்கு முன் கிடைக்கும் சிறு நினைவகம் தீர்ந்துவிட்டது. அதன் அளவு சிஸ்_மாலாக்_எஃப்_லென். பழைய போர்டுகளில் இது ஹெக்ஸ் 400, அதாவது ஒரே ஒரு கிலோபைட். டிரைவர் மாடலுக்கு மாறிய பிறகு அது போதவே போதாது. ஹெக்ஸ் 2000, அதாவது 8 கிலோபைட் வைத்துப் பாருங்கள். எஸ்பிஎல்லுக்கு எஸ்பிஎல்_சிஸ்_மாலாக்_எஃப்_லென் தனி. குருட்டுத்தனமாக ஏற்ற வேண்டியதில்லை: போர்டு ஒருமுறை கட்டளைத் திரைவரை வந்துவிட்டால் 'பிடிஇன்ஃபோ' கட்டளை ஆரம்ப நினைவகத்தில் எவ்வளவு செலவானது, மொத்தம் எவ்வளவு என்று காட்டும். அதைப் பார்த்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிர்ணயிக்கலாம். 'பூட்பிஹெச்-ஆல்' குறியைத் தாராளமாக எல்லா நோடுக்கும் போட்டால் இந்தச் செலவு ஏறும். கட்டத்துக்குத் தேவையானதற்கு மட்டும் குறியிடுங்கள்.

-96 என்பது யூகிளாஸ் என்ற சாதன வகை இல்லை என்பதன் அடையாளம். டிரைவரைக் கம்பைல் செய்தீர்கள், ஆனால் அந்த டிரைவர் சேர வேண்டிய வகையின் பொதுநிரலைக் கம்பைல் செய்யவில்லை. வேண்டுமென்றே அபூர்வமான ஓர் எண்ணை நிரலாளர்கள் இதற்கு வைத்தார்கள், பார்த்ததும் அடையாளம் தெரியட்டும் என்று. எந்த வகை என்று தெரியவில்லையா? டிரைவர்ஸ் அடைவில் கோர் என்ற உள்அடைவு இருக்கிறது. அதில் யூகிளாஸ்.சி, லிஸ்ட்ஸ்.சி ஆகிய கோப்புகளின் முதல் வரியில், எல்லா இன்க்ளூடு வரிகளுக்கும் மேலே, டீபக் என்று வரையறுத்துக் கம்பைல் செய்யுங்கள். எந்த நோடு, எந்த கம்பாட்டிபிள் சரத்தோடு (டிரைவருக்கும் நோடுக்கும் பொருத்தம் பார்க்கும் பெயர்) ஒப்பிடப்பட்டது, எங்கே பொருத்தம் இல்லை என்று வரிவரியாக வரும். இந்த இரண்டு கோப்புகளும் என் வேலையில் எத்தனையோ புதிர்களை அவிழ்த்திருக்கின்றன. டிஎம்_வார்ன் விருப்பத்தையும் கூடவே இயக்குங்கள், எஸ்பிஎல்_டிஎம்_வார்ன் தனி.

'குட் நாட் கெட் போர்டு ஐடி'

இது டிரைவர் மாடல் பிழை போலத் தெரியும், ஆனால் பாதிதான் அப்படி. இதே சிப் வைத்த பீகிள்போன் வகை போர்டுகளில் ஐ2சி பஸ்ஸில் முகவரி ஹெக்ஸ் 50-ல் ஓர் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத சிறு நினைவகச் சிப்) இருக்கும், போர்டின் பெயர் அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துத்தான் எஸ்பிஎல் டிடிஆர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. நாம் செலவு குறைக்க ஈஈப்ராமை விட்டுவிட்டோம் என்றால், அல்லது சிப்பை வைத்து உள்ளே எழுதாமல் விட்டோம் என்றால் இந்த வரி வரும். ஐ2சி விருப்பங்களைத் தட்டி இதற்குத் தீர்வு கிடைக்காது. போர்டு நிரலில் அடையாளம் படிக்கும் பகுதியை உங்கள் போர்டுக்கு நிலையாக எழுதிவிடுங்கள். ஈஈப்ராம் இருக்கிறது, எழுதியும் இருக்கிறது, அப்படியும் வருகிறது என்றால் மட்டும் ஐ2சி கால் அமைப்பைச் சந்தேகப்படுங்கள்.

முழு யூ-பூட்டில் கார்டு படிக்கிறது, எஸ்பிஎல் படிக்க மறுக்கிறது

'ஃபெயில்டு டு பூட் ஃப்ரம் ஆல் பூட் டிவைசஸ்' என்ற வரியோடு எஸ்பிஎல் நிற்கும். அதே கார்டை வேறு வழியில் ஏற்றிய முழு யூ-பூட் அழகாகப் படிக்கும். ஒரே டிரைவர், ஒரே கார்டு, கட்டம்தான் வேறு. ஆகவே கட்டத்துக்கான மூன்று தேவைகளையும் வரிசையாகப் பாருங்கள்.

எஸ்பிஎல்_எம்எம்சி, எஸ்பிஎல்_டிஎம்_எம்எம்சி, எஸ்பிஎல்_பிஎல்கே மூன்றும் எஸ்பிஎல்லின் சிஎஃப்ஜி கோப்பில் இருக்கின்றனவா? கார்டில் ஃபேட் இருந்தால் அதற்கான எஸ்பிஎல் விருப்பமும்? எம்எம்சி நோடு வெட்டப்படாமல் எஸ்பிஎல் டிடிபியில் இருக்கிறதா?

இருக்கிறது, அப்படியும் ஓடவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பலருக்குத் தெரியாத இடம்: ஓஎஃப்_எஸ்பிஎல்_ரிமூவ்_ப்ராப்ஸ். எஸ்பிஎல் ட்ரீயைச் சின்னதாக்க, நோடை வைத்துக்கொண்டு அதன் சில பண்புகளை மட்டும் உருவி எடுக்கும் பட்டியல் இது. எஸ்பிஎல்_பின்கண்ட்ரோல் அணைந்திருந்தால் 'பின்கண்ட்ரோல்-0' பண்புகள் போய்விடும். எஸ்பிஎல்_சிஎல்கே அணைந்திருந்தால் 'கிளாக்ஸ்' பண்புகள் போய்விடும். டிரைவர் எழுந்து கடிகாரத்தைத் தேடும், -2 கிடைக்கும். பிறகு நீங்கள் எஸ்பிஎல்_சிஎல்கேவை இயக்கினாலும், டெஃப்கான்ஃபிக்கில் இந்தப் பட்டியலை யாராவது கையால் எழுதி வைத்திருந்தால் அது மாறாது, பண்புகள் தொடர்ந்து வெட்டப்படும். வேறு போர்டின் டெஃப்கான்ஃபிக்கை நகலெடுத்துத் தொடங்கியவர்கள் இந்த வரியைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும்.

'கார்டு டிட் நாட் ரெஸ்பாண்ட் டு வோல்டேஜ் செலக்ட்', கூடவே -110. இப்போது பைண்டு முடிந்துவிட்டது, ப்ரோப்பும் பாதி போய்விட்டது, கார்டு மட்டும் பேசவில்லை. கார்டுக்கு மின்சாரம் போகிறதா? எம்எம்சி நோடில் 'விஎம்எம்சி-சப்ளை' ஒரு ஃபிக்ஸ்டு ரெகுலேட்டரைச் சுட்டி, அந்த ரெகுலேட்டரை ஒரு ஜிபிஐஓ கால் இயக்க வேண்டும் என்றால், டிஎம்_ரெகுலேட்டரும் டிஎம்_ரெகுலேட்டர்_ஃபிக்ஸ்டும் ஜிபிஐஓ டிரைவரும் மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் சத்தம் போடாமல் தாண்டிப் போகும், கார்டுக்கு மின்சாரமே வராது. மீட்டரை எடுத்துக் கார்டு துளையின் மின்கால் மேல் வையுங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'நோ கார்டு ப்ரெசென்ட்' என்றால் கார்டு கண்டறியும் கால். 'சிடி-ஜிபிஐஓஸ்' பண்பில் ஆக்டிவ் லோ, ஆக்டிவ் ஹை தலைகீழாக இருக்கும், அல்லது நம் துளையில் அந்தக் காலே இருக்காது. கால் இல்லாத துளைக்கு அந்தப் பண்பை நீக்கிவிட்டு 'ப்ரோக்கன்-சிடி' எழுதுங்கள்.

நேற்றுவரை எம்எம்சி 0, இன்று எம்எம்சி 1

டிஎம்_எம்எம்சிக்கு மாறியதும் எஸ்டி கார்டும் போர்டிலேயே ஒட்டிய ஈஎம்எம்சி நினைவகமும் எண் மாறிக்கொண்டன, பூட் ஸ்கிரிப்ட் தவறான இடத்தில் கர்னலைத் தேடுகிறது, சேமித்த சூழல் மாறிகளும் காணோம். டிவைஸ் ட்ரீயின் அலையாசஸ் நோடில் எம்எம்சி0, எம்எம்சி1 என்று தெளிவாகச் சுட்டிவிடுங்கள். டிஎம்_சீக்_அலையாஸ் இயங்க வேண்டும், எஸ்பிஎல்லுக்கு எஸ்பிஎல்_டிஎம்_சீக்_அலையாஸ். சூழல் மாறிகள் சேமிக்கும் எம்எம்சி எண் தனி விருப்பம், அதையும் ஒத்துப்பாருங்கள். ஈதர்நெட், சீரியல், ஐ2சி எல்லாவற்றுக்கும் இதே மருந்து.

'ஐ2சி ப்ரோப்' சிப்பைக் காட்டுகிறது, 'டேட்' கட்டளை -19 தருகிறது

நம் பெட்டிக்கு இது முக்கியமானது. நேரம் தவறினால் அளவீட்டின் மேல் ஒட்டும் நேரமும் தவறு, அந்த அளவீட்டை யாரும் ஏற்க மாட்டார்கள்.

'ஐ2சி ப்ரோப்' பட்டியலில் ஹெக்ஸ் 68 வருகிறது. கடிகாரச் சிப் உயிரோடு இருக்கிறது, இழுப்பு ரெசிஸ்டர்கள் சரி, பஸ் சரி. இதற்குக் கடிகாரச் சிப்பின் டிரைவரோ நோடோ எதுவும் தேவையில்லை, பஸ்ஸில் முகவரியைக் கூப்பிட்டால் சிப் பதில் சொல்லும், அவ்வளவுதான். 'டேட்' கட்டளைக்கோ ஆர்டிசி (கடிகாரம்) யூகிளாஸில் ஒரு சாதனம் வேண்டும். -19 என்றால் அது பைண்டு ஆகவில்லை.

டிஎம்_ஆர்டிசி, உங்கள் சிப்புக்கான டிரைவர் (டிஎஸ்1307 குடும்பம் என்றால் ஆர்டிசி_டிஎஸ்1307), சிஎம்டி_டேட். அப்புறம் ஐ2சி நோடுக்குள் ரெக் மதிப்பு 68 உள்ள ஆர்டிசி நோடு. இவை இருந்தும் பைண்டு ஆகவில்லை என்றால் கம்பாட்டிபிள் சரம். 'டிஎம் கம்பாட்' கட்டளை, கம்பைல் ஆகியிருக்கும் ஒவ்வொரு டிரைவரும் எந்தெந்தச் சரங்களை ஏற்கும் என்று பட்டியலிடும். கர்னலுக்குத் தெரிந்த சரம் எல்லாம் யூ-பூட்டுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. கர்னல் ஒரே டிரைவரில் டஜன் கணக்கான சிப்புகளைத் தாங்கும், யூ-பூட் டிரைவர் அவற்றில் சிலவற்றை மட்டுமே அறியும். பட்டியலில் இல்லாத, ஆனால் பதிவேடுகள் ஒத்த சிப் என்றால் டிரைவரின் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது நேர்மையான தீர்வு. டிவைஸ் ட்ரீயில் வேறு சிப்பின் பெயரைப் பொய்யாக எழுதி ஓட்டிவிடலாம்தான். ஆனால் அதே ட்ரீயைக் கர்னலுக்கும் கொடுக்கும் நாளில் அந்தப் பொய் அங்கே வேறு கோளாறாக முளைக்கும்.

'நோ ஈதர்நெட் ஃபவுண்ட்'

'டிஎம் ட்ரீ'யில் ஈத் யூகிளாஸில் ஏதும் இல்லை என்றால் மேலே சொன்ன அதே வரிசை: டிரைவர், நோடு, ஸ்டேட்டஸ். பழைய குறிப்புகளில் டிஎம்_ஈத் இயக்கச் சொல்வார்கள். புதிய பதிப்புகளில் டிரைவர் மாடல் இல்லாத ஈதர்நெட்டே கிடையாது என்பதால் அந்த விருப்பம் நீக்கப்பட்டுவிட்டது, தேட வேண்டாம். பெயர் இருந்து ப்ரோப் ஆகவில்லை என்றால், ஈதர்நெட் கேபிளோடு பேசும் பிஎச்ஒய் சிப்பின் முகவரியும் ரீசெட் காலும். 'அட்ரஸ் நாட் செட்' என்றால் மேக் முகவரி மட்டும்தான் பாக்கி.

பழைய போர்டு: 'திஸ் போர்டு டஸ் நாட் யூஸ் டிஎம்_எம்எம்சி' எச்சரிக்கை

பழைய யூ-பூட்டோடு வந்த போர்டைக் கம்பைல் செய்யும்போது இந்தப் பெரிய எச்சரிக்கைக் கட்டம் வரும். எம்எம்சிக்கு 2019.04 பதிப்பும், யுஎஸ்பிக்கு 2019.07 பதிப்பும், ஈதர்நெட்டுக்கு 2020.07 பதிப்பும் கெடுவாக வைக்கப்பட்டன. எச்சரிக்கை வந்தாலும் கம்பைல் ஆகும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு துணைக்குடும்பம் மட்டும் மாறி மற்றொன்று மாறாமல் இருக்கும் இடைநிலைதான் பிழைகள் அதிகம் பிறக்கும் இடம். முதலில் சீரியலும் ஜிபிஐஓவும், பிறகு எம்எம்சியும் பிஎல்கேவும், பிறகு ஐ2சி, கடைசியில் யுஎஸ்பியும் ஈதர்நெட்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கமிட் போட்டு, போர்டில் ஓட்டிப் பாருங்கள்.

எஸ்பிஎல் லிங்க் ஆகவில்லை: 'வில் நாட் ஃபிட் இன் ரீஜன் எஸ்ராம்'

மேலே சொன்ன எல்லாவற்றையும் எஸ்பிஎல்லில் இயக்கிய பிறகு இது வருவது இயல்பு. ஏஎம்335எக்ஸில் எஸ்பிஎல்லுக்குக் கிடைக்கும் உள்நினைவகம் சுமார் 109 கிலோபைட். அதற்குள் நிரல், ட்ரீ எல்லாம் அடங்க வேண்டும்.

குறைக்கும் வரிசை இது. பூட் ஆகாத ஊடகங்களுக்கான எஸ்பிஎல் டிரைவர்களை நீக்குங்கள்: எஸ்டி கார்டில் இருந்து மட்டும் எழும் பெட்டிக்கு எஸ்பிஎல்லில் யுஎஸ்பியும் ஈதர்நெட்டும் எதற்கு? எஸ்பிஎல்_டிஎம்_வார்ன், டீபக் அச்சுகள் போன்றவற்றை வேலை முடிந்ததும் அணையுங்கள். எஸ்பிஎல்_யூஸ்_டைனி_பிரிண்ட்எஃப் இயக்குங்கள், சில அச்சு வடிவங்கள் அதில் சரியாக வராது, பிழை எண்கள் வரும், அது போதும். லிங்க் நேரத்தில் நிரலைச் சுருக்கும் எல்டிஓ விருப்பம் கம்பைல் நேரத்தைக் கூட்டினாலும் அளவைக் கணிசமாகக் குறைக்கும். அப்போதும் அடங்கவில்லை என்றால் எஸ்பிஎல்_ஓஎஃப்_பிளாட்டேட்டா: டிவைஸ் ட்ரீயைக் கம்பைல் நேரத்திலேயே சி கட்டமைப்புகளாக மாற்றி, ட்ரீயையும் அதைப் படிக்கும் நிரலையும் எஸ்பிஎல்லில் இருந்து எடுத்துவிடும். இதற்கு ஒவ்வொரு டிரைவரும் ஆதரவு தர வேண்டும் என்பதால் கடைசியில் மட்டும் தொடுங்கள்.

ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் எஸ்பிஎல் பின் கோப்பின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விருப்பம் எத்தனை பைட் என்பது உங்கள் பதிப்புக்கும் கம்பைலருக்கும் ஏற்ப மாறும், வேறொருவரின் எண் உங்களுக்கு உதவாது. அளவு அடங்கியதும் எம்எல்ஓவையும் யூ-பூட்.ஐஎம்ஜியையும் சேர்த்தே கார்டில் எழுதி, மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்திச் சோதிப்பது போதாது. ரெகுலேட்டரும் பிஎச்ஒய் சிப்பும் முந்தைய ஓட்டத்தில் எழுந்த நிலையிலேயே இருந்து, இல்லாத நலத்தைக் காட்டிவிடும்.